பழைய கேபினெட் இருக்கட்டும், அதோடு வந்த எஸ்எம்பிஎஸ் வேண்டாம்

"இரும்பு டப்பாதானே அண்ணா, அது எங்கே கெட்டுப்போகப் போகுது?" என்று கேட்டுக்கொண்டே அந்தத் தம்பி கேபினெட்டை என் மேஜைமேல் வைத்தார். சைடு பேனலைக் கழற்றுவதற்கு முன்பே பிளாஸ்டிக் கருகிய வாடை. இந்த மாதத்தில் இது மூன்றாவது.

பழைய பிராண்டட் கம்ப்யூட்டரின் கேபினெட் அது. உள்ளே புது மதர்போர்டு, புது கிராபிக்ஸ் கார்டு. கம்ப்யூட்டருக்கு மின்சாரம் கொடுக்கும் பெட்டியான எஸ்எம்பிஎஸ் மட்டும் கேபினெட்டோடு வந்தது. கார்டுக்குத் தேவையான 6 பின் ஒயர் அதில் கிடையாது. அதனால் ஹார்ட் டிஸ்குக்குப் போகும் சாட்டா பவர் ஒயரில் ஒரு கன்வெர்ட்டரைச் செருகி ஓட்டியிருக்கிறார். இரண்டு முனைகளும் உருகி ஒன்றாகிவிட்டன. மஞ்சள் ஒயரின் உறை பழுப்பேறி, தொட்டதும் உதிர்ந்தது. இழுத்தால் வரவில்லை, கட்டரால் வெட்டித்தான் எடுத்தேன்.

சாட்டா பவர் கனெக்டரில் 12 வோல்ட்டுக்கு மூன்று பின். ஒரு பின் தாங்குவது 1.5 ஆம்பியர். மொத்தம் 4.5 ஆம்பியர், அதாவது 54 வாட். 6 பின் வழியாகக் கார்டு 75 வாட் வரை இழுக்கலாம். 8 பின் என்றால் 150. கன்வெர்ட்டர் சரியாகப் பொருந்துகிறது என்பதற்காக மின்சாரம் அதிகமாக வந்துவிடாது.

"ஆனா எஸ்எம்பிஎஸ்ல 450 வாட்னு போட்டிருக்கே அண்ணா?"

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லியே என் தொண்டை வறண்டுவிட்டது. லேபிளில் பெரிதாக அச்சடித்த எண்ணை விட்டுவிடுங்கள். அதற்குக் கீழே பொடி எழுத்தில் ஒரு கட்டம் இருக்கும். அதில் +12 வோல்ட்டுக்கு நேராக எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். தம்பியுடையதில் 16. பன்னிரண்டால் பெருக்கினால் 192 வாட். இன்றைய பிராசஸரும் கிராபிக்ஸ் கார்டும் சாப்பிடுவது பெரும்பாலும் இந்த 12 வோல்ட்டைத்தான். மிச்ச வாட் எல்லாம் 3.3, 5 வோல்ட் பக்கம் சும்மா கிடக்கிறது. பென்டியம் 3 காலத்துக் கம்ப்யூட்டர்களில் பிராசஸருக்கே 5 வோல்ட்டிலிருந்து மின்சாரம் எடுப்பது வழக்கம். 2000-இல் பென்டியம் 4 வந்தபோதுதான் 12 வோல்ட்டுக்கென்று தனியாக 4 பின் கனெக்டர் வந்தது. பழைய எஸ்எம்பிஎஸ் அந்தக் காலத்துக் கணக்கில் செய்தது. பொய் சொல்லவில்லை, உங்களுக்குத் தேவையான இடத்தில் கொடுக்கவில்லை, அவ்வளவுதான். போதாக்குறைக்கு உள்ளே மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் கெப்பாசிட்டர்களுக்கும் வயதாகியிருக்கும். அதைப் பார்க்கிறேன் என்று எஸ்எம்பிஎஸ்ஸைத் திறந்துவிடாதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதில் ஷாக் இருக்கும்.

இன்னொரு வம்பும் உண்டு. 1990-களின் கடைசியில் வந்த சில பிராண்டட் கம்ப்யூட்டர்களில் எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து போர்டுக்குப் போகும் 20 பின் கனெக்டர் பார்க்க அச்சு அசல் ஏடிஎக்ஸ் (எல்லோருக்கும் பொதுவான வகை) மாதிரியே இருக்கும், ஒயர் வரிசை மட்டும் வேறு. சாதாரண போர்டில் செருகி ஆன் செய்தால் போர்டு காலி. எஸ்எம்பிஎஸ்ஸின் பின்னால் 115, 230 என்று சிவப்பு ஸ்விட்ச் இருந்தால் அதையும் பாருங்கள். 230 வோல்ட் லைனில் அது 115-இல் நின்றால் ஒரே வெடிதான்.

எஸ்எம்பிஎஸ் வாங்கும் முன் அளவெடுங்கள். சாதாரண ஏடிஎக்ஸ் 150 மில்லிமீட்டர் அகலம், 86 உயரம். ஒல்லியான கேபினெட்டுகளில் டிஎஃப்எக்ஸ் என்ற நீளமான வகை இருக்கும், இரண்டும் மாறிப் பொருந்தாது. போர்டு மைக்ரோ ஏடிஎக்ஸ் என்ற சிறிய வகை என்றால் 244-க்கு 244 மில்லிமீட்டர் இடம் வேண்டும். 2000-களின் நடுவில் வந்த பிடிஎக்ஸ் என்ற வேறு வகைக் கேபினெட் என்றால் விட்டுவிடுங்கள். போர்டு கண்ணாடியில் பார்த்ததுபோல எதிர்ப்பக்கமாக உட்காரும்.

போர்டைத் தகட்டில் படாமல் தூக்கி நிறுத்தும் பித்தளை ஸ்டாண்ட்ஆஃப்களை எண்ணிப் பொருத்துங்கள். போர்டில் ஓட்டை இல்லாத இடத்தில் ஒன்று நின்றாலும் அடியில் ஷார்ட் ஆகும். தகட்டில் ட்ரில் போடுவதானால் எல்லாவற்றையும் வெளியே எடுத்த பிறகு போடுங்கள். போர்டை உள்ளே வைத்துக்கொண்டே ட்ரில் போட்டவரையும் பார்த்திருக்கிறேன். இரும்புத் தூளைத் துடைத்து எடுக்கவே அரைநாள் ஆனது.

காற்று விஷயத்தில் கொஞ்சம் கருணை காட்டுங்கள். இந்தக் கேபினெட்டுகள் பலவற்றில் முன்பக்கம் மூடிய பிளாஸ்டிக், பின்னால் ஒரே ஒரு 92 மில்லிமீட்டர் ஃபேன். பிராசஸர் 100 டிகிரியைத் தொட்டுத் தானாக வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அப்புறம் "கேம் திக்கித் திக்கி ஓடுது" என்று என்னிடம் வருவீர்கள்.

பவர் பட்டன் ஒயர் ஒரே கட்டியாக வந்து புது போர்டில் பொருந்தவில்லை என்று பயப்பட வேண்டாம். பட்டன் செய்வதெல்லாம் இரண்டு ஒயர்களை ஒரு நொடி தொடவைப்பது மட்டுமே. மல்டிமீட்டரை இணைப்பு இருந்தால் பீப் அடிக்கும் நிலையில் வைத்து, பட்டனை அழுத்தும்போது மட்டும் எந்த ஜோடி கத்துகிறது என்று தேடுங்கள். அதைப் போர்டின் பவர் ஸ்விட்ச் பின்களில் மாட்டினால் போதும், இப்படி அப்படி மாறினாலும் பரவாயில்லை. எல்ஈடி ஒயரை மட்டும் திருப்பி மாட்டினால் எரியாது.

தம்பியின் போர்டு பிழைத்துவிட்டது. கார்டை இன்னும் சோதிக்கவில்லை. புது எஸ்எம்பிஎஸ் வரட்டும் என்று வைத்திருக்கிறேன். கேபினெட்டுக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை, அதில் அவர் சொன்னது சரிதான்.