பக்கத்து வீட்டுப் பத்திரத்தில் கிடைத்த பாட்டி

மயிலாப்பூர் லஸ்ஸில் இருந்த 'ஸ்ரீபாக்', அமிர்தாஞ்சன் நிறுவனர் நாகேஸ்வர ராவின் வீடு. 1937 நவம்பர் 16 அன்று ஆந்திரத் தலைவர்கள் அங்கே கூடிச் செய்த உடன்படிக்கைக்கு அந்த வீட்டின் பெயரே நிலைத்துவிட்டது. அப்படிப்பட்ட வீடுகளின் கதையை யாராவது எழுதி வைப்பார்கள். மயிலாப்பூரின் சாதாரணத் திண்ணை வீட்டின் கதையோ பரணில் உள்ள பத்திரக் கட்டுக்குள்தான் இருக்கும்.

வழக்கறிஞராக அந்தக் கட்டுகளைப் படிப்பதுதான் என் வேலை. பில்டர் விலை பேசி முடித்த பிறகுதான் பலரும் வருகிறார்கள். "வில்லங்கம் இல்லை சார்" என்று சான்றிதழை நீட்டுவார்கள். வில்லங்கச் சான்று பதிவானதை மட்டுமே காட்டும். பதிவு செய்யாத உயில் அதில் வராது. மூலப்பத்திரத்தைக் கடன் கொடுத்தவரிடம் ஒப்படைத்தாலே அடமானம் என்று 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் மெட்ராஸ் போன்ற சில நகரங்களுக்கு வழிவிட்டிருந்தது, எழுத்துகூடத் தேவையில்லை. அதனால்தான் "தாத்தா பத்திரத்தைத் தொலைத்துவிட்டார்" என்றால், யாரிடமாவது வைத்திருந்தாரா என்று முதலில் கேட்கிறேன்.

சில வருடங்களுக்கு முன் அண்ணன் தம்பி இருவர் அப்படித்தான் வந்தார்கள். மூலப்பத்திரம் இல்லை. தாத்தா வீடு, அப்பா ஒரே மகன், ஆகவே எங்களுடையது என்றார்கள். அத்தைகள் இருவர் உண்டு, ஆனால் "அவங்களுக்குக் கல்யாணத்திலேயே எல்லாம் செய்தாச்சு."

பக்கத்து வீட்டுக்காரரிடம் அவருடைய பழைய பத்திரத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். நான்கு பக்கமும் யாருடைய இடம் என்று சொல்லும் நான்கெல்லையில் 'தெற்கே இன்ன அம்மாள் வீடு' என்று இருந்தது. அந்தப் பெயர் இவர்களுடைய பாட்டி! பதிவு அலுவலகத்தில் அந்தப் பெயரை வைத்துத் தேடினால் 1931-ஆம் வருடக் கிரயப் பத்திரம் கிடைத்தது. வீடு தாத்தாவுடையதே அல்ல. பாட்டி இறந்தது 1962-இல், தாத்தாவுக்குப் பிறகு; உயில் இல்லை. 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மகனுக்கும் இரு மகள்களுக்கும் சம பங்கு. தாத்தா பெயரில் இருந்து, அவரும் 1956-க்குப் பிறகு உயில் எழுதாமல் போயிருந்தால்கூட, அவர் சுயசம்பாத்தியத்தில் மகள்களுக்குப் பங்கு உண்டு. 1989-இன் தமிழ்நாட்டுத் திருத்தத்துக்கும் 2005-இன் மத்தியத் திருத்தத்துக்கும் பிறகுதான் பெண்களுக்கு உரிமை வந்தது என்பது பாதிதான் சரி. அந்தத் திருத்தங்கள் கூட்டுக்குடும்பச் சொத்தைப் பற்றியவை.

பில்டரிடம் முன்பணம் வாங்கும் முன் மூலப்பத்திரத்தின் சான்றிட்ட நகலை எடுத்துவிடுங்கள். பழைய வரி ரசீதைக் கிழித்துப் போடாதீர்கள். கதவு எண்கள் மாறிய ஊர் இது. பழைய எண்ணையும் புதிய எண்ணையும் இணைக்க அந்த ரசீதுதான் உதவும். அப்புறம், உயிரோடு இருக்கும் அத்தைகளிடம் பேசுங்கள்.

கும்பகோணத்திலிருந்து வந்து கையெழுத்துப் போட்ட மூத்த அத்தை, அம்மாவின் பெயர் இருந்த பக்கத்தை மட்டும் ஒரு ஜெராக்ஸ் கேட்டு வாங்கிக்கொண்டு போனார்.