135 என்று அனுப்பினால் 49 ஏன் வருகிறது?

ஆர்டுயினோ ஊனோ என்ற சிறிய கட்டுப்பாட்டுப் பலகையில், சொன்ன கோணத்துக்குத் திரும்பும் ஒரு சர்வோ மோட்டாரை மாட்டிவிட்டு, பலகைக்கு எழுத்துகளை அனுப்பும் சீரியல் மானிட்டர் என்ற கணினிச் சாளரத்தில் 135 என்று தட்டி எண்டர் அழுத்துகிறீர்கள். மோட்டார் 135 டிகிரிக்குத் திரும்ப வேண்டும். ஆனால் வந்ததை அப்படியே ஒரு மாறியில் வாங்கிப் பார்த்தால் 49, அப்புறம் 51, அப்புறம் 53.

கம்பியில் வந்தவை 1, 3, 5 என்ற மூன்று எழுத்துகள், எழுத்துக்கு ஒரு பைட். 1963-இல் அமெரிக்காவில் தரநிலையாக வெளியான, ஒவ்வொரு எழுத்துக்கும் ஓர் எண் தரும் ஆஸ்கி அட்டவணையில் '0' என்ற எழுத்துக்கு 48. அங்கிருந்து '9'க்கு 57 வரை இடைவெளியே இல்லை. ஆகவே வந்த பைட்டிலிருந்து 48-ஐக் கழித்தால் இலக்கத்தின் மதிப்பு கிடைத்துவிடும். 48-ஐ இரும எண்ணாக எழுதினால் 00110000. கடைசி நான்கு பிட்டும் காலியாக இருப்பதால் இலக்கத்தின் மதிப்பு அங்கேயே உட்கார்ந்திருக்கிறது. சில்லின் கட்டளைகளிலேயே நேரடியாக, அதாவது அசெம்பிளியில் எழுதுகிறவர்கள் சிலர் கழிக்காமல், மேல் நான்கு பிட்டை அழித்துவிட்டுப் போய்விடுவார்கள்.

நிரலில் 48 என்று எழுதுவதைவிட '0' என்றே எழுதலாம் என்பது என் கட்சி. படிப்பவருக்கு எதைக் கழிக்கிறோம் என்று உடனே தெரியும். பத்து இலக்கங்களும் அடுத்தடுத்து இருக்கும் என்று சி மொழியின் தரநிலையே உறுதி தருகிறது. ஆஸ்கிக்குப் பதிலாக ஐபிஎம் பயன்படுத்திய எப்சிடிக் குறியீட்டில் பூச்சியம் 240-இல் இருந்தாலும் அதே வரி அங்கேயும் வேலை செய்யும்.

சரி, இலக்கங்கள் கிடைத்துவிட்டன. அவற்றை எப்படிக் கோப்பது? '1' வந்து சேரும்போது அது நூறா, பத்தா, ஒன்றா என்று சில்லுக்குத் தெரியாது. பின்னால் இன்னும் எத்தனை வரும் என்பதும் தெரியாது. அதனால் இடமதிப்பைப் பற்றிக் கவலைப்படாமல், புது இலக்கம் வரும்போதெல்லாம் இதுவரை சேர்ந்ததைப் பத்தால் பெருக்கி, வந்ததைக் கூட்டிக்கொள்கிறோம்:

மதிப்பு = மதிப்பு × 10 + (பைட் − '0')

பூச்சியத்தில் தொடங்கினால் 1, பிறகு 13, பிறகு 135. எந்த இடத்தில் நிறுத்தினாலும் அதுவரை வந்த எண் சரியாகவே இருக்கும். மூன்று எழுத்தையும் சேமித்து வைக்க இடம்கூடத் தேவையில்லை.

இந்தப் பெருக்கல் சில்லுக்குச் சுமையா என்றால், இல்லை. 9600 பாட், அதாவது விநாடிக்கு 9600 பிட் வேகத்தில், தொடக்க பிட்டும் முடிவு பிட்டும் சேர்த்து எழுத்துக்கு 10 பிட், அதாவது விநாடிக்கு 960 எழுத்து. 16 மெகாஹெர்ட்ஸில் ஓடும் ஊனோவுக்கு இரண்டு எழுத்துக்கு நடுவில் 16,000-க்கும் மேற்பட்ட கடிகாரத் துடிப்புகள் கிடைக்கின்றன. பெருக்கல் சுற்றே இல்லாத ஏடிடைனி85 போன்ற சில்லிலும் வழி உண்டு: பிட்டுகளை இடப்பக்கம் மூன்று தள்ளினால் எட்டு மடங்கு, ஒன்று தள்ளினால் இரண்டு மடங்கு, இரண்டையும் கூட்டினால் பத்து மடங்கு.

உண்மையான தலைவலி எண் எங்கே முடிகிறது என்பதில்தான். எண்டர் அழுத்தும்போது 10 என்ற வரிமுடிவு பைட் வரலாம், அதற்கு முன் 13-உம் சேர்ந்து வரலாம், சீரியல் மானிட்டரின் அமைப்பைப் பொறுத்து எதுவுமே வராமலும் போகலாம். வரும் எழுத்துகளை எண்ணாக்கித் தரும் ஆர்டுயினோவின் பார்ஸ்இன்ட் என்ற செயற்கூறு நேரம் பார்க்கும்: அடுத்த எழுத்து 1 விநாடிக்குள் வராவிட்டால் முடிந்தது என்று எடுத்துக்கொள்ளும். இதில் ஒரு வேடிக்கை உண்டு. 135-ஐப் படித்த பிறகு வரிமுடிவு பைட், வந்தவை காத்திருக்கும் இடையகத்தில் தங்கிவிடும். ஏதோ வந்திருக்கிறது என்று நிரல் மறுபடி பார்ஸ்இன்ட்டை அழைக்கும். அது இலக்கத்துக்காக 1 விநாடி காத்திருந்து, கிடைக்காமல் 0 என்று திருப்பித் தரும். 135-க்குப் போன மோட்டார் ஒரு விநாடி கழித்துத் தானாகவே 0-க்குத் திரும்புவது இதனால்தான். நீங்களே பைட் பைட்டாகப் படித்து, 10 வந்ததும் மதிப்பை மோட்டாருக்குக் கொடுத்துவிட்டு, மதிப்பை மறுபடி பூச்சியமாக்கினால் இந்தத் தொல்லை இல்லை. 13-ஐக் கண்டுகொள்ள வேண்டாம்.

இன்னொன்று, ஊனோவில் இன்ட் என்ற முழு எண் வகை 16 பிட். அதன் உச்சம் 32,767. யாராவது 40000 என்று தட்டினால் பெரும்பாலும் −25,536 என்று எதிர்மறையில் போய் நிற்கும். சர்வோவுக்கு 180-க்கு மேல் தேவையே இல்லை என்பதால், ஒவ்வொரு இலக்கத்தையும் சேர்த்தவுடன் மதிப்பு 180-ஐத் தாண்டுகிறதா என்று பார்த்து, தாண்டினால் அந்த வரி முழுவதையும் தள்ளிவிடலாம். 10, 13 தவிர, 48-க்கும் 57-க்கும் வெளியே ஏதாவது எழுத்து நடுவில் வந்தாலும் அதே கதிதான்.