கிளிநொச்சியில் ரவுண் எங்கே?

யாழ்ப்பாணத்திலிருந்து வந்த மருமகன் கேட்டான்: "மாமா, கிளிநொச்சி ரவுண் எங்கே இருக்குது?" அவன் நின்றதே ரவுணில், அதாவது நகரத்தின் நடுவில்தான். ஏ9 வீதியின் இரு பக்கமும் கடைகள். பின்னால் கொஞ்சம் நடந்தால் வயல். நெருக்கமான ஒழுங்கைகளில் வளர்ந்த பிள்ளைக்கு இது ரவுணாகவே படவில்லை.

2012 கணக்கெடுப்பில் யாழ் மாவட்டத்தில் சுமார் 5.8 லட்சம் பேர்; அதைவிடப் பரப்பில் பெரிய கிளிநொச்சி மாவட்டத்தில் 1.1 லட்சம். போரும் இடப்பெயர்வும் இதில் சேர்த்திதான். ஆனால் அதற்கு வெகுகாலம் முன்பே, மழைத்தண்ணீர் போய்ச் சேரும் இடம் இரண்டையும் பிரித்துவிட்டது.

யாழ்ப்பாணக் குடாநாட்டின் அடியில் சுண்ணாம்புக்கல். மாரி மழை அதன் வெடிப்புகளால் இறங்கி, கீழேயுள்ள உப்புநீரின் மேல் மிதக்கிறது. எனக்கு மிகப் பிடித்த கணக்கு இது: கடல்மட்டத்துக்கு மேலே நன்னீர் 1 மீற்றர் நின்றால், கீழே சுமார் 40 மீற்றர் ஆழத்துக்கு நன்னீர் இருக்கும். உப்புநீரைவிட நன்னீர் வெறும் இரண்டரை வீதம்தான் அடர்த்தி குறைவு. அதனால் இவ்வளவு ஆழ அமிழ்ந்து மிதக்கிறது. ஆகவே வளவுக்கு வளவு கிணறு. காணி துண்டானாலும் காணிப் பத்திரமான உறுதியில் கிணற்றுப் பங்கைச் சேர்த்து எழுதிவிடலாம். வீடுகள் நெருங்க இது போதும்.

கிளிநொச்சி இருக்கும் வன்னியின் பெரும்பகுதிக்கு அடியில் கருங்கற்பாறை. வெடிப்புகளில் தங்கியது போக, மிச்சத் தண்ணீர் ஓடிவிடும். மறித்தால்தான் உண்டு, அதனால் குளம். நினைத்த இடத்தில் குளம் வராது, சரிவு பார்த்துத்தான் கட்டுப் போட வேண்டும். கட்டுக்கு மேலே நீரேந்தும் காடு, கீழே வாய்க்கால் எட்டும் தூரம்வரை வயல். இரண்டிலும் வீடு கட்டினால் குளம் எதற்கு? குடியிருக்க மிஞ்சுவது மேட்டு நிலம்தான்.

கனகராயன் ஆற்றை மறித்த கிளிநொச்சியின் இரணைமடுக் குளமும் அப்படித்தான். 1930களில் குடியேறியவர்களுக்கு ஏக்கர் கணக்கில் காணி கிடைத்தது. வீடுகள் காணியோடு விரிந்தன. கடைகள் மட்டும் வீதியில் நெருங்கின.

அப்புறம், கிணறு வெட்ட உள்ளங்கையில் தேங்காய் வைத்து நிலத்தடி நீரோட்டம் பார்க்கிறவர்கள். குடாநாட்டில் அவர்கள் அனேகமாகத் தோற்பதில்லை. பெரும்பாலான இடங்களில் ஊறும் மண்ணில் எப்படித் தோற்பது? வன்னியில் வவுனியாப் பக்கம் பாறையில் வந்து சொல்லட்டும் பார்ப்போம். அங்கே காசு செலவழிப்பதானால் நிலத்தில் மின்னோட்டம் விட்டு மின்தடையை அளப்பதற்குச் செலவழிக்கலாம். ஈரமான வெடிப்பு இருக்கும் இடத்தில் தடை குறையும். தேங்காய்க்கு அது தெரியாது.