பால் பாக்கெட்டைக் கழுவினோம், ஜன்னலைச் சாத்தினோம்

2020 ஏப்ரலில் எங்கள் வீட்டு வாசலில் ஒரு பிளாஸ்டிக் டப் இருந்தது. பால் பாக்கெட் வந்ததும் அதிலிருந்த சோப்புத் தண்ணீரில் முக்கி, குழாயடியில் அலசிய பிறகுதான் அடுப்படிக்குள் போகும். காய்கறிக்கு மஞ்சளும் உப்பும் கலந்த தண்ணீர். ரூபாய் நோட்டுகூட மொட்டை மாடி வெயிலில் கல்லுக்கு அடியில் காயும். இத்தனையும் செய்துவிட்டு, இரவானால் ஐந்து பேரும் ஒரே அறையில் ஜன்னலை இறுகச் சாத்தி, ஏசி போட்டுத் தூங்கினோம். அடுத்த ஆண்டு மே மாதம் கொரோனா வீட்டுக்குள் வந்தபோது, ஒரே வாரத்தில் ஐந்து பேரும் படுத்துவிட்டோம். அம்மா பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் இருந்து மீண்டு வந்தார்.

பால் பாக்கெட்டைக் கழுவியதைத் தவறென்று சொல்ல மாட்டேன். அன்றைக்கு நமக்குத் தெரிந்தது அவ்வளவுதான். உலக சுகாதார நிறுவனமே 2020 மார்ச் கடைசியில், இது காற்றில் பரவும் நோய் அல்ல என்று சமூக ஊடகங்களில் அழுத்திச் சொன்னது. காற்றில் பரவுவதை அது வெளிப்படையாக ஒப்புக்கொள்ள 2021 வரை ஆயிற்று. ஆனால் கை கழுவச் சொன்ன செய்தி போய்ச் சேர்ந்த வீடுகளுக்கெல்லாம் இந்தத் திருத்தம் போய்ச் சேரவில்லை. அதுதான் என் வருத்தம்.

காலை வெயில் ஜன்னல் வழியே சாய்வாக விழும்போது, அந்த ஒளியில் தூசி மிதப்பதைப் பார்த்திருப்பீர்கள். எவ்வளவு நேரம் பார்த்தாலும் அது தரைக்கு வருவதாகத் தெரியாது. நம் வாயிலிருந்தும் மூக்கிலிருந்தும் வரும் ஈரத் துளிகளில் பெரும்பாலானவை அந்த ஜாதிதான். மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான். தும்மும்போது தெறிக்கும் 100 மைக்ரான் துளி சில நொடிகளில் தரையில் விழுந்துவிடும். 5 மைக்ரான் துளி, ஆடாத காற்றில் ஆள் உயரத்திலிருந்து இறங்க அரை மணி நேரம் எடுக்கும். 1 மைக்ரான் என்றால் அரை நாள். கொரோனா வைரஸின் அளவு சுமார் 0.1 மைக்ரான், அந்தச் சின்னத் துளியிலும் அதற்குத் தாராளமாக இடம் உண்டு. இருமினால்தான் இவை வரும் என்பதும் இல்லை. பேசினாலே வரும். உரக்கப் பேசினாலும் பாடினாலும் இன்னும் நிறைய வரும்.

2020 ஜனவரி 24, சீனப் புத்தாண்டுக்கு முந்தைய நாள். குவாங்சோ நகரத்து உணவகம் ஒன்றில் மூன்று குடும்பங்கள் அடுத்தடுத்த மூன்று மேசைகளில் மதியச் சாப்பாடு சாப்பிட்டன. நடு மேசையில் இருந்த குடும்பம் முந்தைய நாள்தான் வூஹானிலிருந்து வந்திருந்தது. அவர்களில் ஒருவருக்கு அன்றே காய்ச்சல். அடுத்த இரண்டு வாரத்துக்குள் மூன்று மேசைகளிலும் சேர்த்து பத்துப் பேருக்குத் தொற்று. அதே தளத்தில் மற்ற மேசைகளில் சாப்பிட்டவர்களுக்கு வரவில்லை, பரிமாறியவர்களுக்கும் வரவில்லை. ஆராய்ந்தபோது, அந்த மூன்று மேசைகளும் ஒரே ஏசியின் காற்றுச் சுழற்சிக்குள் இருந்தது தெரிந்தது. வெளிக்காற்று உள்ளே வர அங்கே வழியே இல்லை என்று சொல்லும் அளவுக்குத்தான் இருந்தது.

நம் வீட்டு ஸ்பிளிட் ஏசியும் இதையேதான் செய்கிறது. வெளியே ஒரு பெட்டி இருப்பதால், அது வெளிக்காற்றை இழுத்துக் குளிர வைத்து அனுப்புகிறது என்று பலர் நினைக்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். அது அறைக்குள் இருக்கும் காற்றையே இழுத்து, வெப்பத்தை மட்டும் வெளியே தள்ளிவிட்டு, அதே காற்றை நமக்குத் திருப்பித் தருகிறது. சீலிங் ஃபேனும் காற்றைக் கலக்குமே தவிர வெளியேற்றாது.

சரி, காற்று மாறுகிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? ஊதுபத்தி போதும். கதவு ஜன்னலைச் சாத்திவிட்டு ஒரு பத்தியைப் பாதிவரை எரியவிட்டு அணையுங்கள். அரை மணி கழித்து வாருங்கள். வாசனை அப்படியே நிற்கும். மறுநாள் எதிரெதிர்ப் பக்கமுள்ள இரண்டு ஜன்னல்களைத் திறந்து வைத்து இதையே செய்து பாருங்கள். ஒரே பக்கத்தில் ஒரு ஜன்னல் திறந்திருப்பதற்கும், காற்று ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் போவதற்கும் உள்ள வித்தியாசம் மூக்குக்கே தெரியும்.

இதில் ஒரு கணக்கு இருக்கிறது. அறையின் கொள்ளளவுக்குச் சமமான வெளிக்காற்று ஒரு முறை உள்ளே வந்தால், பழைய காற்று முழுதும் போய்விடாது. அரிசி களைவது போலத்தான் இது. முதல் தண்ணீரில் பெரும்பகுதி போகும், ஆனாலும் அடுத்த தண்ணீர் மங்கலாகத்தான் இருக்கும். வரும் காற்று பழையதோடு கலந்துதான் வெளியேறும் என்பதால், முதல் சுற்றில் 63 விழுக்காடுதான் போகும். மூன்று சுற்றில் 95. மணிக்கு 6 முறை காற்று மாறும் அறையில் மிதக்கும் துளிகளில் 99 விழுக்காடு வெளியேற 46 நிமிடம் ஆகும். 12 முறை மாறினால் 23 நிமிடம்.

வீட்டில் ஒருவருக்குக் காய்ச்சல் இருமல் என்றால் அவருக்குத் தனி அறை கொடுக்கிறோம். நல்லதுதான். ஆனால் அந்த அறையின் காற்று எந்தப் பக்கம் போகிறது என்று யாரும் பார்ப்பதில்லை. ஜன்னல் வழியாகக் காற்று உள்ளே அடித்து, கதவிடுக்கு வழியாகக் கூடத்துக்கு வந்தால், நாமே நோயைக் கூடத்துக்குக் கொண்டுவந்து விடுகிறோம். மறுபடியும் ஊதுபத்தியை எடுங்கள். சாத்திய கதவின் அடியில், கூடத்துப் பக்கம் பிடித்துப் பாருங்கள். புகை இடுக்குக்குள் இழுக்கப்பட்டால் நல்லது. நம் பக்கம் தள்ளப்பட்டால், அறைக்குள் ஒரு டேபிள் ஃபேனை ஜன்னலோரம் வெளியே பார்த்த மாதிரி வைத்து ஓட விடுங்கள். அறையோடு பாத்ரூம் இருந்தால் அதன் எக்ஸாஸ்ட் ஃபேனும் ஓடட்டும். கூடத்து ஜன்னல்கள் திறந்திருக்கட்டும். கொஞ்ச நேரத்தில் புகை திசை மாறும். அதைக் கண்ணால் பார்ப்பது பெரிய நிம்மதி.

உள்ளே சாப்பாடு கொண்டுபோகிறவருக்கு என்95 முகக்கவசம் வேண்டும். அது சல்லடை போலச் சலிப்பதில்லை. பெரிய துளிகள் இழைகளின் வளைவுகளில் திரும்ப முடியாமல் மோதி ஒட்டிக்கொள்ளும். மிகச் சிறியவை காற்று மூலக்கூறுகள் இடிப்பதால் தாறுமாறாக அலைந்து ஏதாவது ஓர் இழையில் போய் முட்டும். இரண்டுக்கும் நடுவில் தப்பப் பார்க்கும் 0.3 மைக்ரான் அளவுதான் பிடிக்கக் கடினமானது, அதனால் அதைக் கொண்டுதான் சோதிக்கிறார்கள். இழைகளுக்கு ஏற்றப்பட்ட நிலைமின்சாரம் அவற்றையும் இழுத்துக்கொள்கிறது. சோப்பு போட்டுத் துவைத்தாலோ சானிடைசர் தெளித்தாலோ அந்த மின்னூட்டம் போய்விடும். பார்க்கப் பளிச்சென்று இருக்கும், பழையபடி வேலை செய்யாது.

கை கழுவுவதை விட்டுவிடாதீர்கள். கொரோனா வைரஸின் மேலுறை கொழுப்பால் ஆனது. எண்ணெய்ப் பிசுக்கைச் சோப்பு பிரித்தெடுப்பது போலவே அதையும் பிய்த்துவிடும். 20 நொடி தேய்த்தால் போதும். வயிற்றுப்போக்குக் கிருமிகளும் கையோடுதான் வருகின்றன என்பதால், பெருந்தொற்று இல்லாத காலத்திலும் இது பிள்ளைகளைக் காக்கும்.

காற்று விஷயத்துக்கே திரும்புகிறேன். காசநோயும் காற்றில் பரவுவதுதான். 1956இல் சென்னையில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் தொடங்கப்பட்டது. நோயாளிகளில் ஒரு பகுதியினரை சானடோரியம் எனப்படும் காசநோய் மருத்துவமனையில் சேர்த்தும், மற்றவர்களை நெருக்கடியான சொந்த வீடுகளிலேயே வைத்தும் மருந்து கொடுத்தார்கள். வீட்டில் இருந்தவர்களின் குடும்பங்களில் நோய் அதிகமாகும் என்றுதான் பலரும் பயந்தார்கள். ஐந்தாண்டு தொடர்ந்து கவனித்ததில் அப்படி ஆகவில்லை. மருந்து தொடங்கியதும் நோயாளியிடமிருந்து பரவுவது வேகமாகக் குறைந்துவிடுகிறது. குடும்பத்துக்குப் பரவ வேண்டியது பெரும்பாலும் நோய் கண்டுபிடிக்கப்படும் முன்பே பரவிவிடுகிறது. கொரோனாவிலும் காய்ச்சல் தெரிவதற்கு இரண்டு நாள் முன்பிருந்தே அந்த ஆள் வைரஸை வெளிவிடத் தொடங்கிவிடுகிறார். எங்கள் வீட்டில் நாங்கள் ஐந்து பேரும் ஏசி அறையில் படுத்திருந்தது அந்த இரண்டு நாளில்தான். அதனால் ஜன்னலைத் திறப்பதை யாருக்காவது உடம்புக்கு வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று வைக்க முடியாது.

கொசு வருமே என்பீர்கள். டெங்கு இருக்கிற ஊரில் அது நியாயமான பயம். வலை அடித்தால் காற்று கொஞ்சம் குறையும், நிற்காது. எங்கள் படுக்கையறை ஜன்னல் இரண்டுக்கும் வலை அடித்துவிட்டோம். ஏசி ஓடும் இரவிலும் ஒரு ஜன்னல் கதவு நான்கு விரல் அளவு திறந்தே இருக்கும். கரண்ட் பில் கொஞ்சம் ஏறியிருக்கிறது. படுக்கப் போகுமுன் அம்மா அந்த இடுக்கில் கையை வைத்து, காற்று வருகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் விளக்கை அணைப்பார்.