போர்ட்டிங்: ரோட்டரி எஞ்சினுக்கு வாய் அகட்டுவது

போர்ட்டிங் என்றதும் நம்மூரில் முதலில் சிம் கார்டுதான் ஞாபகத்துக்கு வரும். நம்பரை மாற்றாமல் கம்பெனி மாறும் வசதி 2011-இல் நாடு முழுக்க வந்ததிலிருந்து "வேற நெட்வொர்க்குக்கு போர்ட் பண்ணிட்டேன்" என்பது கிட்டத்தட்ட தமிழாகவே ஆகிவிட்டது. கணினிக்காரர்களுக்கு வேறு போர்ட், கப்பல்காரர்களுக்கு வேறு போர்ட். இங்கே பேசப்போவது எஞ்சின் போர்ட்டிங், அதிலும் மாஸ்டா ஆர்எக்ஸ்-7 மாதிரி ரோட்டரி வண்டிக்கு (பிஸ்டனுக்குப் பதில் முக்கோண ரோட்டர் சுற்றும் எஞ்சின்) டர்போ (வெளியேறும் புகை ஒரு சக்கரத்தைச் சுற்ற, கூடவே சுற்றும் இன்னொரு சக்கரம் காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் தள்ளும் கருவி) மாற்றும்போது கூடவே வந்து குழப்புகிற போர்ட்டிங்.

லத்தீனில் போர்ட்டா என்றால் வாயில், போர்ட்டுஸ் என்றால் துறைமுகம், போர்ட்டாரே என்றால் சுமந்து செல்வது. மூன்றும் தூரத்துச் சொந்தம். சிம் போர்ட்டிங் மூன்றாவதன் வழி வந்தது, நம்பரைத் தூக்கிக்கொண்டு போவது. சென்னைத் துறைமுகம் இரண்டாவதன் வழி. எஞ்சினில் உள்ள போர்ட் முதலாவது, அதாவது வாயில். அதனால் கணினிச் சொற்பட்டியலில் உள்ள 'துறை'யை அப்படியே எடுத்து எஞ்சினிலும் போட்டால் பொருந்தாது. 'துளை' என்று எழுதுகிறவர்களும் உண்டு. அதுவும் எனக்கு ஒப்பவில்லை. ஏன் என்பதற்கு எஞ்சினுக்குள் கொஞ்சம் போகவேண்டும்.

பொதுவாகப் போர்ட் என்பது காற்றும் பெட்ரோலும் உள்ளே வரும் வழி, அல்லது புகை வெளியேறும் வழி. கம்பெனி வார்த்துக் கொடுத்த அந்த வழியை அரைத்து, அகட்டி, வடிவம் மாற்றுவதுதான் போர்ட்டிங். சாதாரண நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினில் ஹெட்டைக் கழற்றி இந்த வேலையைச் செய்தால் பாதை பெரிதாகும், வழவழப்பாகும், அவ்வளவுதான். அது எப்போது திறக்கும் எப்போது மூடும் என்பதை கேம் ஷாஃப்ட்டும் வால்வும் பார்த்துக்கொள்ளும். டூ ஸ்ட்ரோக்கில் கதை வேறு. யமஹா ஆர்எக்ஸ்100 சிலிண்டரைக் கழற்றிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், போர்ட் சிலிண்டர் சுவரிலேயே இருக்கும், பிஸ்டன்தான் போகிற போக்கில் அதைத் திறந்து மூடும். எக்ஸாஸ்ட் போர்ட்டின் மேல் விளிம்பைக் கொஞ்சம் உயர்த்தினாலே அது திறக்கும் நேரம் முந்திவிடும். ரோட்டரியும் இந்த ரகம்தான். வால்வு கிடையாது, கேம் கிடையாது. முக்கோண ரோட்டரே வாயைத் திறந்து மூடுகிறது. ஆக, போர்ட்டின் விளிம்பை எந்தப் பக்கம் அரைக்கிறோமோ அதுவே நேரத்தை மாற்றுகிறது. அளவைவிட நேரம்தான் இங்கே பெரிய விஷயம்.

துளை திறந்து மூடாது, வாய் திறந்து மூடும். அதனால் போர்ட்டுக்கு 'வாய்' என்பதே சரி என்று நினைக்கிறேன். பழக்கமில்லாத சொல்லும் இல்லை: வாய்க்கால், வாயில், மடைவாய் எல்லாம் நீர் போகும் ஆள் போகும் வழிகளுக்கு நாம் ஏற்கெனவே வைத்த பெயர்கள்தான். போர்ட்டிங்குக்கு 'வாய் அகட்டல்'. 'அகற்றல்' என்று எழுதிவிடாதீர்கள், அதற்கும் விரித்தல் என்ற பொருள் உண்டு என்றாலும் படிக்கிறவர் போர்ட்டையே எடுத்துவிடச் சொல்கிறார்கள் என்று நினைத்துக்கொள்வார்.

ரோட்டரி என்பது ஜெர்மானியரான ஃபெலிக்ஸ் வாங்கெலின் யோசனை. என்எஸ்யு கம்பெனியில் 1957-இல் முதல் மாதிரி ஓடியது. மாஸ்டா உரிமம் வாங்கி 1967-இல் காஸ்மோ ஸ்போர்ட்டில் இரண்டு ரோட்டர் எஞ்சினைக் கொண்டுவந்தது. 1978 முதல் 2002 வரை வந்த ஆர்எக்ஸ்-7தான் இதில் பிரபலம், அதிலும் கடைசித் தலைமுறையான எஃப்டி. அதன் எஞ்சின் 13பி-ஆர்இடபிள்யூ, ஒரு ரோட்டருக்கு 654 சிசி, இரண்டும் சேர்த்து 1308. காகிதத்தில் 1.3 லிட்டர் என்று பார்த்து ஏமாறக்கூடாது. நடுத்தண்டு ஒவ்வொரு முறை சுற்றும்போதும் ஒவ்வொரு ரோட்டரும் ஒருமுறை எரியும், அதனால் காற்று குடிப்பதில் இது 2.6 லிட்டர் நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினுக்குச் சமம். டர்போ அளவு பார்க்கும்போது 1.3 என்று கணக்குப் போட்டு சின்னதாக வாங்கிவிட்டு முழிப்பவர்கள் உண்டு.

13பியில் காற்று வரும் வாய்கள் பக்கத் தகடுகளில் இருக்கின்றன, நடுத்தகட்டிலும் முன்பின் தகடுகளிலும். இவை வார்ப்பிரும்பு. புகை போகும் வாய் ரோட்டர் சுற்றும் வீட்டின் வளைந்த சுவரில் இருக்கிறது. (ஆர்எக்ஸ்-8இல் அதையும் பக்கத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள்.) வேலை செய்கிறவர் தகட்டில் நீல மை பூசி, அச்சுத்தகடு வைத்துக் கோடு கீறி, கார்பைடு முனை போட்ட டை கிரைண்டரால் கோடு வரை அரைப்பார். கோட்டைத் தாண்ட முடியாது. உள்பக்கம் அதிகம் போனால் எண்ணெயைத் தடுக்கும் ஆயில் ரிங் ஓடும் தடம், அங்கே வாய் திறந்தால் எண்ணெய் உள்ளே இழுக்கப்பட்டு வண்டி புகையும். வெளிப்பக்கம் போனால் ரோட்டரின் பக்கத்திலும் மூலையிலும் கசிவை அடைக்கும் சைடு சீலும் கார்னர் சீலும் ஓடும் தடம், பிடிமானம் இல்லாமல் போனால் சீல் வாய்க்குள் விழுந்துவிடும். கடைசியில் விளிம்பைச் சற்று சாய்வாகத் தேய்த்து விடவேண்டும், இல்லையென்றால் கூர்மையான விளிம்பு ஒவ்வொரு சுற்றிலும் சீலைச் சுரண்டிக்கொண்டே இருக்கும்.

இந்த வெட்டுகளுக்குத்தான் பெயர்கள். முதலாவது ஸ்ட்ரீட் போர்ட். தடங்களுக்கு உட்பட்டு வாயைப் பெரிதாக்குவது, கொஞ்சம் சீக்கிரம் திறந்து கொஞ்சம் தாமதமாக மூடும். இதைத் 'தெருவாய்' என்று பெயர்த்தால் வேறு அர்த்தம் வந்து நிற்கும். ஸ்ட்ரீட் என்பதற்கு இங்கே பொருள் ரேஸ் தடத்தில் இல்லாமல் பொதுச் சாலையில் ஓடுவது என்பதுதான், 'சாலை வாய்' என்று சொல்லிக்கொள்ளலாம். அடுத்தது பிரிட்ஜ் போர்ட். இருக்கிற வாய்க்கு வெளியே, சீல் தடத்துக்கு அந்தப் பக்கம், புருவம் போல் இன்னொரு கீற்று வெட்டுவார்கள். இரண்டுக்கும் நடுவில் ஒல்லியாக ஓர் இரும்புப் பாலம் மிஞ்சும், சீல் அதன்மேல் ஏறித்தான் கடந்து போகும். பெயர் அதனால் வந்தது. 'பால வாய்' என்றால் சரியாகவே இருக்கிறது. லேத் பட்டறைக்காரர்களுக்கு பிரிட்ஜ்போர்ட் என்றால் மில்லிங் மெஷின். அது அமெரிக்காவின் கனெக்டிகட்டில் உள்ள ஊரின் பெயர், அங்கே இருக்கும் போர்ட் துறைமுகம். மூன்றாவது பெரிஃபெரல் போர்ட், 'விளிம்பு வாய்'. காற்று வரும் வாயையும் ரோட்டர் வீட்டின் சுவருக்கே கொண்டுபோவது. 1991-இல் லெ மான் 24 மணி நேர ரேஸை ஜெயித்த மாஸ்டா 787பியின் நான்கு ரோட்டர் எஞ்சின் இந்த வகை.

பெரிய வெட்டு பெரிய பவர்தானே, நேராக விளிம்பு வாய்க்கே போய்விடலாமே என்று கேட்கலாம். இங்கேதான் ஓவர்லாப் வருகிறது. புகை வாய் இன்னும் மூடவில்லை, காற்று வாய் அதற்குள் திறந்துவிட்டது, இரண்டும் சேர்ந்து திறந்திருக்கும் அந்த நேரம்தான் ஓவர்லாப். தமிழில் 'இருவாய்ப் பொழுது' என்று வைத்துக்கொள்ளலாம், யாரும் வழக்குப் போடமாட்டார்கள். கம்பெனி எஞ்சினில் இது மிகக் குறைவு. சாலை வாயில் சற்றுக் கூடும். பால வாயில் நிறைய. அதனால்தான் பால வாய் வைத்த ரோட்டரி ஐடிலில், அதாவது ஆக்ஸிலரேட்டர் மிதிக்காமல் சும்மா ஓடும்போது, ஒழுங்காக நிற்காமல் 'பிராப் பிராப்' என்று விட்டுவிட்டு அடிக்கும். அந்தச் சத்தத்துக்காகவே வெட்டுகிறவர்கள் ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் நிறைய. கேட்க நன்றாகத்தான் இருக்கும், தினமும் அதில் ஆபீஸ் போய்ப் பாருங்கள், சிக்னலில் நிற்பதற்குள் வெறுத்துவிடும், பெட்ரோல் செலவு தனி.

சரி, டர்போ. லத்தீனில் டர்போ என்றால் பம்பரம், சூறைக்காற்று என்றும் பொருள். அதிலிருந்துதான் 1822-இல் கிளாட் பர்டன் என்ற பிரெஞ்சுப் பொறியாளர் டர்பைன் என்ற சொல்லை உண்டாக்கினார். தமிழில் டர்பைனுக்கு விசையாழி, சுழலி என்று இரண்டு சொல் புழங்குகின்றன. ரோட்டரி விஷயத்தில் விசையாழியே நல்லது, சுழலியை ரோட்டருக்கு விட்டுவிடலாம், இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தால் அடுத்த வாக்கியத்திலேயே மாட்டிக்கொள்வோம். பேச்சில் டர்போ டர்போவாகவே இருக்கட்டும். மிதித்த பிறகு டர்போ எழும்ப ஆகும் தாமதமான டர்போ லேகுக்கு மட்டும் 'சுணக்கம்' என்ற அருமையான சொல் நம்மிடம் சும்மா கிடக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள்.

டர்போ அளவு என்று கடையில் கேட்கும் மில்லிமீட்டர் பெரும்பாலும் காற்றை அமுக்கும் சக்கரத்தின் அளவு. 62, 67 என்று சொல்வது அதில் காற்று நுழையும் பக்கத்தின் விட்டம். சில கம்பெனிகள் வேறு மாதிரி எழுதும்: போர்க்வார்னர் இஎஃப்ஆர் 8374 என்றால் அமுக்கும் சக்கரத்தின் வெளிவிட்டம் 83, புகை சுற்றும் விசையாழிச் சக்கரம் 74. எல்லோரும் முதல் எண்ணைத்தான் பார்ப்பார்கள். ரோட்டரிக்கு இரண்டாவது எண்ணையும், ஏ பை ஆர் என்ற எண்ணையும்தான் முதலில் பார்க்கவேண்டும். புகை நுழையும் கூட்டின் குறுக்குவெட்டுப் பரப்பை, அச்சிலிருந்து அதன் தூரத்தால் வகுத்தால் வருவது ஏ பை ஆர். சிறிதாக இருந்தால் டர்போ சட்டென்று எழும், மேலே போனால் மூச்சு முட்டும். பெரிதாக இருந்தால் சுணங்கும், ஆனால் மேலே தாராளம்.

மூச்சு முட்டுவது என்றால் புகை வெளியேற முடியாமல், எஞ்சினிலிருந்து டர்போவுக்குப் போகும் குழாயான மேனிஃபோல்டில் அழுத்தம் ஏறுவது. பூஸ்ட், அதாவது டர்போ காற்றைத் தள்ளும் அழுத்தம், 1 பார், புகைப்பக்கம் 2 பார் என்று வையுங்கள். இருவாய்ப் பொழுதில் எந்தப் பக்கம் தள்ளும்? எரிந்த புகை திரும்பி உள்ளே வரும். புதுக் காற்றில் புகை கலக்கும், சூடு ஏறும், நாக்கிங் வரும் (கலவை கட்டுப்பாடில்லாமல் தானாக வெடிப்பது), ரோட்டரியில் நாக்கிங் என்றால் பெரும்பாலும் ரோட்டர் முனையில் உள்ள ஏபெக்ஸ் சீல் உடைந்தது என்று அர்த்தம். பால வாய் வெட்டிவிட்டுச் சின்ன விசையாழி மாட்டினால் இதுதான் கிடைக்கும்: ஐடிலும் போச்சு, பவரும் இல்லை. பால வாய் வேண்டுமென்றால் பெரிய விசையாழி, பெரிய ஏ பை ஆர் வேண்டும். அப்புறம் 4000, 5000 ஆர்பிஎம் தாண்டித்தான் வண்டி உயிர் பெறும். சாலையில் அந்த இடத்தில் எத்தனை நேரம் இருப்பீர்கள்?

அதனால் சாலை வண்டி என்றால் என் யோசனை இது. காற்று வாயில் மிதமான சாலை வெட்டு, தாமதமாக மூடுவதில் பேராசை வேண்டாம். புகை வாயைக் கொஞ்சம் அகட்டலாம், சற்று முன்பே திறந்தால் சூடான புகை வேகத்தோடு விசையாழியை அடித்து டர்போவைச் சீக்கிரம் எழுப்பும். டர்போ 62 மி.மீ. வகை, கூடு இரண்டு அறை கொண்டதாக, ஏ பை ஆர் 1-ஐ ஒட்டி. இரண்டு ரோட்டருக்கும் தனித்தனி அறை கிடைப்பதால் ஒன்றின் புகை இன்னொன்றில் போய் இடிக்காது. வண்டிச் சக்கரத்தில் கிடைக்கும் 350, 400 குதிரைத்திறனுக்கு இது தாராளம். எஃப்டியோடு வந்த, பெட்ரோல் பீய்ச்சும் இன்ஜெக்டர்கள், நிமிடத்துக்கு 550 சிசி ஒரு ஜோடி, 850 சிசி ஒரு ஜோடி, இதற்குப் போதாது, அதையும் கணக்கில் வையுங்கள்.

போர்ட்டிங் என்ற சொல் இன்னோர் இடத்திலும் வரும், வேஸ்ட்கேட்டில். அதிகப்படி புகை டர்போவுக்குள் போகாமல் ஒதுங்கும் கலிங்கு அது. எஃப்டியின் ஒரிஜினல் இரட்டை டர்போவையே வைத்துக்கொண்டு எஞ்சின் வாயை அகட்டி சைலன்சரையும் திறந்துவிட்டால், புகை கூடும், அந்தச் சின்னக் கலிங்கு போதாது, பூஸ்ட் சொன்ன பேச்சு கேட்காமல் ஏறிக்கொண்டே போகும். அங்கேயும் ஓட்டையை அகட்டி, மூடியைப் பெரிதாக மாற்றவேண்டும். எஞ்சின் பட்டறையில் பேசும்போது எந்த போர்ட்டிங் என்று ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள், ரசீதில் வெறும் போர்ட்டிங் என்று மட்டும் எழுதியிருந்தால் எதற்குக் காசு கொடுத்தோம் என்பதே பின்னால் தெரியாது.