சோனிக் ஏன் கீழே விழுவதில்லை?

சேகா நிறுவனத்தின் நீல முள்ளெலி சோனிக், 1991 ஜூனில் மெகா டிரைவ் என்ற 16 பிட் பெட்டியில் ஓட ஆரம்பித்தான். இருபது வருடம் கழித்து, 2011 நவம்பரில், அந்தப் பிறந்தநாளைக் கொண்டாட 'சோனிக் ஜெனரேஷன்ஸ்' வந்தது. பழைய விளையாட்டுகளிலிருந்து ஒன்பது இடங்களைப் பொறுக்கியெடுத்து, ஒவ்வொன்றையும் இரண்டு விதமாக விளையாடக் கொடுத்தார்கள். ஒன்றில் குள்ளமான, தொந்தி வைத்த, கறுப்புக் கண் சோனிக். பக்கவாட்டில் மட்டும் ஓடுவான். இன்னொன்றில் நெடுநெடுவென்று வளர்ந்த, பச்சைக் கண் சோனிக். கேமரா பெரும்பாலும் அவன் முதுகுக்குப் பின்னாலேயே துரத்தி வரும். முதல் இடம் கிரீன் ஹில். கட்டம் போட்ட மண், பனைமரம், சூரியகாந்தி, அப்புறம் சோனிக் தலைகீழாக ஓடிச் சுற்றி வரும் அந்த வட்டப் பாதை, லூப்.

இப்படிப்பட்ட ஆண்டுவிழா விளையாட்டுகளில் பழைய படங்களைப் புதிதாக வரைவது பெரிய காரியமில்லை. திறமையான ஓவியர்கள் இருந்தால் போதும். விளையாடியவர்களின் விரலில் தங்கியிருக்கும் ஞாபகம் வேறு. எவ்வளவு நேரம் அழுத்தினால் எவ்வளவு வேகம் வரும், எந்த மேட்டில் மூச்சு வாங்கும், எந்தச் சரிவில் பிய்த்துக்கொண்டு போகும் என்பதெல்லாம் சில எண்களுக்குள் இருக்கிறது. அந்த எண்களைக் காப்பாற்றினால்தான் கொண்டாட்டம் நிஜம். இதை விளக்க லூப்பை விட நல்ல இடம் கிடையாது.

பெங்களூரு அல்சூரில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போனால் அவள் மகனோடு விளையாட உட்காருவேன். ஒன்பதாவது படிக்கிறான். போன மாதம் பள்ளியில் ஈர்ப்பு விசை பாடம் நடந்ததோ என்னவோ, சோனிக் தலைகீழாக ஓடும் இடத்தில் திரையை அப்படியே நிறுத்தினான். "மாமா, இங்க ஏன் இவன் விழல?" என்றான். "வேகமா வர்றான்ல" என்றேன். "எவ்வளவு வேகம் வேணும்?" என்று அடுத்த கேள்வி வந்தது. சரியான கேள்வி அதுதான்.

முதலில் நிஜ உலகம். தண்ணீர் நிறைந்த சொம்பைக் கயிற்றில் கட்டி மேலும் கீழுமாகச் சுழற்றினால், உச்சியில் சொம்பு கவிழ்ந்தே இருந்தாலும் தண்ணீர் கொட்டாது. தண்ணீரைக் கீழே இழுக்கும் ஈர்ப்பு முழுவதும், அதன் பாதையை வட்டமாக வளைப்பதிலேயே செலவாகிவிடுகிறது. அதற்கு உச்சியில் ஒரு குறைந்தபட்ச வேகம் வேண்டும். அந்த வேகத்தின் வர்க்கம், ஈர்ப்பையும் வட்டத்தின் ஆரத்தையும் பெருக்கினால் வருவது. லூப்பில் சறுக்கி ஏறும் ஒரு பொருள் மேலே போகப் போக வேகத்தை இழக்கும். ஆகவே அடியில் நுழையும்போதே உச்சிக்குத் தேவையானதைப் போல 2.24 மடங்கு, அதாவது 5இன் வர்க்கமூலம் மடங்கு, வேகம் இருக்க வேண்டும். உராய்வைக் கணக்கில் எடுத்தால் இன்னும் கூட.

இப்போது 1991இன் எண்களைப் பார்க்கலாம். மெகா டிரைவில் இருந்தது 7.67 மெகாஹெர்ட்ஸில் ஓடும் மோட்டரோலா 68000 சிப். தசமக் கணக்குப் போட அதில் தனி வசதி இல்லை. பெருக்கலே அதற்குப் பாரம். அதனால் ஒரு பிக்சலை 256 துண்டுகளாகப் பிரித்து, எல்லாவற்றையும் முழு எண்களிலேயே வைத்தார்கள். திரை விநாடிக்கு 60 ஃபிரேம், அதாவது 60 படம், மாறும். ஓடும் பக்கம் பட்டனை அழுத்தினால் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் வேகத்தில் 12 துண்டு கூடும். உச்ச வேகம் 1536 துண்டு, அதாவது ஃபிரேமுக்கு 6 பிக்சல். காற்றில் இருக்கும்போது ஈர்ப்பு ஒவ்வொரு ஃபிரேமும் 56 துண்டு வேகத்தைக் கீழ்நோக்கிச் சேர்க்கும்.

பழைய பெட்டி மாதிரியே கணினியை நடிக்க வைக்கும் எமுலேட்டரில் இதைக் கண்ணால் பார்க்கலாம். விளையாட்டை நிறுத்தி, ஒவ்வொரு ஃபிரேமாக நகர்த்தி, வேகம் பதிவாகும் நினைவக இடத்தைத் திறந்து வைத்தேன். 12, 24, 36, 48 என்று எண் ஏறிக்கொண்டே போகிறது. முதல் சில ஃபிரேம்களில் திரையில் சோனிக் அசைந்த மாதிரியே தெரியவில்லை. துண்டுகள் சேர்ந்து ஒரு பிக்சல் ஆனதும் நகர்கிறான். 128ஆவது ஃபிரேமில் 1536. இரண்டு விநாடிக்குக் கொஞ்சம் மேல். அதற்குள் அவன் கடக்கும் தூரம் சுமார் 384 பிக்சல். திரையின் அகலமே 320 பிக்சல்தான்! முழு வேகம் எடுக்க ஒரு திரைக்கு மேல் தடையில்லாத தரை வேண்டும். இந்தத் தொடரில் ஓட இடம் விட்டு லூப் வைப்பது ஏன் என்று அப்போதுதான் உறைக்கிறது.

சரி, 80 பிக்சல் ஆரமுள்ள ஒரு லூப்பை எடுத்துக்கொள்வோம். விளையாட்டின் காற்று ஈர்ப்பை வைத்து நிஜ உலகக் கணக்குப் போட்டால், உச்சியில் ஃபிரேமுக்கு 4.2 பிக்சல் வேகம் வேண்டும். அடியில் நுழையும்போது 9.4. ஆனால் சோனிக் ஓடி எட்டக்கூடியது 6தான். அந்தக் கணக்குப்படி ஓடும் வேகத்தை மட்டும் நம்பி லூப்பில் ஏறினால் பாதியில் விழ வேண்டும்.

அவன் விழாததற்குக் காரணம், விளையாட்டு அந்தக் கணக்கைப் போடுவதே இல்லை. தரையில் இருக்கும் வரை சோனிக்குக்கு ஒரே ஒரு வேகம்தான்: தரையை ஒட்டிய வேகம். மேடு, சுவர், கூரை எல்லாமே அவனுக்குத் தரைதான். எந்தக் கோணத்தில் நிற்கிறான் என்பது மட்டும் தனியாகப் பதிவாகும். ஒரு முழுச் சுற்றை 360ஆகப் பிரிக்காமல் 256ஆகப் பிரித்து, கோணத்தை ஒரே பைட்டில் அடக்கிவிட்டார்கள். சைன் மதிப்புகளை முன்கூட்டியே அட்டவணையாக எழுதி வைத்து, அதிலிருந்து எடுத்துத் தரைவேகத்தைக் கிடைவேகம், செங்குத்து வேகம் என்று பிரித்துக்கொள்வார்கள்.

மேட்டில் ஏறும்போது வேகம் குறைய வேண்டுமே? அதற்கு ஒவ்வொரு ஃபிரேமும் கோணத்தின் சைனை 32ஆல் பெருக்கிக் கழிப்பார்கள். 32ஐக் கவனியுங்கள். காற்றில் ஈர்ப்பு 56, சரிவில் 32. ஏழில் நான்கு பங்குதான். லூப்பில் ஏறும் சோனிக்குக்குப் பூமியே கொஞ்சம் விட்டுக்கொடுக்கிறது! பட்டனை விடாமல் அழுத்திக்கொண்டு 6இல் நுழைந்தால், நம் 80 பிக்சல் லூப்பின் உச்சியில் அவனிடம் 4க்கு மேல் மிச்சம் இருக்கும். செங்குத்திலோ தலைகீழாகவோ இருக்கும்போது வேகம் 2.5க்குக் கீழே போனால்தான் அவன் தரையை விட்டுக் கழன்று விழுவான். உச்சியில் தேவைப்படும் 4.2 எல்லாம் இங்கே செல்லாது.

இன்னும் ஒரு படி மேலே போய், சுருண்டு உருளும்போது வேறு எண்கள் வைத்தார்கள். உருண்டு இறங்கினால் 80, உருண்டு ஏறினால் 20. இறங்கும்போது ஈர்ப்பை விடப் பலமான ஒரு இழுப்பு, ஏறும்போது பேருக்கு ஒரு தடை. இயற்பியல் ஆசிரியர் பார்த்தால் சிவப்பு மையில் சுழித்துவிடுவார். விளையாடுபவருக்கோ, சரிவைப் பார்த்ததும் கீழ் பட்டனை அழுத்தும் ஆசை இங்கேதான் பிறக்கிறது. முதல் சோனிக்குக்கு யூஜி நகா எழுதிய நிரலும் ஹிரோகாசு யசுஹரா வடிவமைத்த மேடுபள்ளங்களும் ஒன்றையொன்று நம்பி உருவானவை. ஒன்றை மாற்றினால் மற்றது அர்த்தமில்லாமல் போகும்.

தரை எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிப்பதும் அழகான வேலை. சோனிக்கின் இரண்டு பாதங்களிலிருந்தும் கண்ணுக்குத் தெரியாத இரண்டு கோடுகள் கீழே நீளும். தரை 16×16 பிக்சல் கட்டங்களால் ஆனது. ஒவ்வொரு கட்டத்துக்கும் 16 உயரங்கள் கொண்ட ஒரு பட்டியல். கோடு விழுந்த இடத்தின் உயரத்தைப் பார்த்து அவனை அங்கே நிறுத்துவார்கள். சரிவு 45 டிகிரியைத் தாண்டியதும் அந்தக் கோடுகளே 90 டிகிரி திரும்பிக்கொள்ளும். இப்போது அவை சுவரைத் தேடும், அப்புறம் கூரையை. லூப்பில் இன்னொரு சிக்கலும் உண்டு. உள்ளே நுழையும்போது அதன் இடது பக்கச் சுவர் வழியை மறிக்குமே! அதனால் முதலில் வலது பாதி மட்டும் திடமாக இருக்கும், இடது பாதி வெறும் படம். உச்சியைத் தாண்டியதும் இரண்டும் இடம் மாறும். ஓடுபவர் கண்ணுக்கு எதுவும் தெரியாது.

அக்கா மகனுக்கு இதைச் சொல்லிப் புரியவைப்பதை விடச் செய்து காட்டுவது மேல் என்று, ஒரு வட்டத்தின் மீது ஒரு புள்ளி ஓடும் சின்ன நிரலை பைத்தானில் எழுதிக் கொடுத்தேன். 32ஐ 56 ஆக்கினான். புள்ளி செங்குத்துச் சுவரைக் கொஞ்சம் தாண்டியதும் பொத்தென்று விழுந்தது. மறுபடி 32 வைத்து, பட்டனை மட்டும் விட்டுப் பார்த்தான். செங்குத்தை எட்டுவதற்குள்ளேயே தளர்ந்தது. "அப்போ கேம்ல நிஜம் இருந்தா விளையாட முடியாதா?" என்றான். முடியும், ஆனால் லூப்பைச் சின்னதாக்க வேண்டும் என்றேன். உடனே ஆரத்தை மாற்றப் போய்விட்டான்.

எண்கள் போனால் என்ன ஆகும் என்பதற்கு எங்கள் தலைமுறையிடம் ஒரு உதாரணம் உண்டு. தொண்ணூறுகளில் நாங்கள் 'டிவி கேம்' என்று சொன்ன 8 பிட் நகல் பெட்டிகளுக்கு 'சோமாரி' என்ற திருட்டு கேசட் ஒன்று இருந்தது. கிரீன் ஹில் அப்படியே இருக்கும், உள்ளே ஓடுவது மட்டும் மரியோ. நான் முதன்முதலில் அந்தப் பனைமரங்களைப் பார்த்தது அதில்தான். மரம், மேடு, லூப் எல்லாம் இருந்தும் சரிவில் வேகம் சேரும் அந்தச் சுகம் கிடைக்கவில்லை. சேகாவே 2010இல் வெளியிட்ட 'சோனிக் 4' முதல் பகுதிக்கும் ரசிகர்களிடமிருந்து இதே புகார் வந்தது: குதிக்கும்போது பட்டனை விட்டால் காற்றிலேயே வேகம் செத்துவிடுகிறது, செங்குத்தான இடத்திலும் சாவகாசமாக நிற்க முடிகிறது என்று.

அடுத்த வருடமே வந்த ஜெனரேஷன்ஸ் அதை நன்றாகவே சரிசெய்தது. அது ஓடியது 2008இன் 'சோனிக் அன்லீஷ்ட்' விளையாட்டுக்காக உருவான ஹெட்ஜ்ஹாக் எஞ்சினில். எஞ்சின் என்றால் விளையாட்டை இயக்கும் அடிப்படை நிரல். வெளிச்சம் ஒரு பொருளில் பட்டு இன்னொன்றில் தெறிப்பதை முன்கூட்டியே கணக்கிட்டுப் படங்களாகச் சேமித்து வைக்கும் முறை அது. கிரீன் ஹில் புல்வெளி அவ்வளவு பளபளப்பதன் ரகசியம் அதுதான். ஆனால் அந்த எஞ்சின் பிறந்தது முப்பரிமாணத்தில் பாய்ந்து ஓடும் புதிய சோனிக்குக்காக. இந்த மாதிரி விளையாட்டுகளில் லூப்பை ஒரு கண்ணுக்குத் தெரியாத தண்டவாளம் போல அமைத்து, அதன் மேல் பாத்திரத்தை இட்டுச் செல்வது வழக்கம். அந்த வீட்டுக்குள் விருந்தாளியாக வந்த பழைய சோனிக், பார்க்க உருக்கமாக இருக்கிறான். உருளும்போது மட்டும் என் விரலுக்கு அவன் வேறு ஆள். 1991இல் இல்லாத ஸ்பின் டேஷ், அதாவது நின்ற இடத்திலேயே சுழன்று பாயும் வித்தை, கையில் இருப்பதால், சரிவைத் தேடி உருளும் தேவையே குறைந்துவிட்டது.

இருபத்தைந்தாம் ஆண்டுக்காக வந்த 'சோனிக் மேனியா' 2017 ஆகஸ்டில் வெளியானது. அதில் வேலை செய்தவர்கள் ரசிகர் உலகத்திலிருந்து வந்தவர்கள். கிறிஸ்டியன் வைட்ஹெட், பழைய விளையாட்டுகள் எப்படிக் கணக்குப் போட்டனவோ அப்படியே போடும் ரெட்ரோ எஞ்சினை எழுதியவர்; 2011இல் 'சோனிக் சிடி'யை மறுபடி கொண்டுவந்ததும் அதை வைத்துத்தான். மேனியாவில் உருண்டு இறங்கும்போது அந்தப் பழைய இழுப்பு அப்படியே கையில் தெரிகிறது. அவர்கள் தைரியமாக மாற்றிய ஒன்று திரையின் அகலம். ஃபிரேமுக்கு 6 பிக்சல் என்றால் விநாடிக்கு 360. பழைய திரையில் நடுவில் ஓடும் சோனிக்குக்கு முன்னால் 160 பிக்சல்தான் தெரியும். வரும் முள்ளைப் பார்த்துக் குதிக்க அரை விநாடி கூடக் கிடைக்காது. மேனியாவின் திரை 424 பிக்சல் அகலம். முன்னால் 212 பிக்சல் தெரிகிறது, கிடைக்கும் நேரம் கிட்டத்தட்ட 0.6 விநாடி. வேகத்தில் கை வைக்காமலேயே, முள்ளில் மோதுவதை இப்படிக் குறைத்துவிட்டார்கள்.