கூப்பன் தேடுவதற்கு முன்னால் ஒரு விலை நோட்டு

கடன் அடைக்க வழி கேட்டு என்னிடம் வரும் குடும்பங்களை மூன்று மாத மளிகை பில்களோடு வரச் சொல்வேன். வாடகை, பள்ளிக் கட்டணம், இ.எம்.ஐ. இதிலெல்லாம் உடனே கை வைக்க முடியாது. மளிகையில் முடியும், அதுவும் சாப்பாட்டைக் குறைக்காமலே முடியும்.

சில வருடங்களாக அந்த பில்களின் அடியில் ஒரு வரி தவறாமல் இருக்கிறது. இந்த ஆர்டரில் நீங்கள் சேமித்தது இவ்வளவு ரூபாய் என்கிற வரி. ஒரு மாதத்துச் சேமிப்பையெல்லாம் கூட்டினால் நல்ல தொகை வரும். ஆனால் வங்கிக் கணக்கைப் பார்த்தால் மளிகைக்குப் போன பணம் ஏறித்தான் இருக்கிறது. "கூப்பன் போடாம எதையுமே வாங்குறதில்ல சார். அப்புறம் எப்படி செலவு ஏறுது?" என்று அம்பத்தூரிலிருந்து வந்த ஒரு பெண் கேட்டார். விலைவாசி ஒரு காரணம்தான். மீதிக் காரணம் அந்தச் சேமிப்பைக் கணக்குப் போடும் விதத்தில் இருக்கிறது.

ஆப்பிலும் சூப்பர் மார்க்கெட் பில்லிலும் வரும் சேமிப்பு பெரும்பாலும் எம்.ஆர்.பி.யிலிருந்து கழித்து வருவது. எம்.ஆர்.பி. என்பது தயாரிப்பவர் பாக்கெட்டில் அச்சிடும் உச்சவிலை. அதற்கு மேல் விற்கக் கூடாது என்பதுதான் சட்டம். ஊரில் அந்தப் பொருள் என்ன விலைக்குக் கிடைக்கிறது என்பது வேறு கணக்கு. பிஸ்கட், பற்பசை மாதிரிப் பொருட்களில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கும். பாக்கெட் பருப்பு, முந்திரி, மசாலாப் பொருட்களில் இடைவெளி பெரிது. ஒரு கிலோ உளுத்தம்பருப்பு பாக்கெட்டில் 240 ரூபாய் என்று போட்டு, முப்பது சதவீதம் தள்ளுபடி போக 168 என்று காட்டுவார்கள் என்று வைத்துக்கொள்வோம். அதே தரத்து உளுந்தைத் தெருமுனை அண்ணாச்சி கடையில் 150க்கு நிறுத்துக் கொடுத்தால், பில்லில் 72 ரூபாய் சேமிப்பு என்று வந்தாலும் கையிலிருந்து 18 ரூபாய் கூடுதலாகத்தான் போயிருக்கிறது.

அதனால் கூப்பன் பழக்கத்தைத் தொடங்க நினைப்பவர்களுக்கு முதல் மாதம் கூப்பனே வேண்டாம் என்பேன். வீட்டில் மாதாமாதம் திரும்பத் திரும்ப வாங்கும் பதினைந்து, இருபது பொருட்களை ஒரு நோட்டில் எழுதுங்கள். அரிசி, துவரம்பருப்பு, உளுந்து, எண்ணெய், சர்க்கரை, டீத்தூள், சோப்பு, சலவைத்தூள், பாத்திரம் துலக்கும் சோப்பு, நாப்கின், குழந்தை இருந்தால் டயப்பர். ஒவ்வொன்றுக்கும் எதிரே எந்தக் கடையில், கிலோ அல்லது லிட்டர் என்ன விலைக்கு வாங்கினீர்கள் என்று குறியுங்கள். இரண்டு மூன்று இடத்து விலை சேர்ந்துவிட்டால், ஒரு ஆஃபரைப் பார்த்ததுமே அது உண்மையில் குறைவா இல்லையா என்று சொல்லிவிடலாம். இந்த நோட்டு இல்லாமல் எந்தக் கூப்பனையும் எடைபோட முடியாது.

பாக்கெட் விலையை எழுதாமல் அளவுக்கு இவ்வளவு என்று எழுதச் சொல்வதற்குக் காரணம் உண்டு. முன்பு டீத்தூள், பிஸ்கட், சமையல் எண்ணெய், சோப்பு போன்ற பல பொருட்களை இன்னின்ன எடையில்தான் அடைக்க வேண்டும் என்று சட்டமுறை எடையளவு பொட்டலப் பொருட்கள் விதிகள், 2011 சொல்லியது. 2021இல் வந்த திருத்தம் அந்தக் கட்டாயத்தை எடுத்துவிட்டது. அதற்கு ஈடாக, ஒரு கிராமோ கிலோவோ, ஒரு மில்லியோ லிட்டரோ என்ன விலை என்பதையும் பாக்கெட்டில் அச்சிடச் சொன்னது. எம்.ஆர்.பி.க்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் யு.எஸ்.பி. (யூனிட் சேல் பிரைஸ், அதாவது அலகு விலை) என்று இருக்கும், பாருங்கள். பலர் கண்ணில் அது படுவதே இல்லை. ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: அந்த அலகு விலை எம்.ஆர்.பி.யை வைத்துப் போட்டது. தள்ளுபடி விலைக்கு நாமேதான் வகுத்துப் பார்க்க வேண்டும்.

எண்ணெயில் இது நன்றாகத் தெரியும். ஒரு லிட்டர் எண்ணெய் சுமார் 910 கிராம்தான். ஒரு பாக்கெட் ஒரு லிட்டர், 155 ரூபாய். பக்கத்திலேயே 850 கிராம் பாக்கெட், 148 ரூபாய். ஏழு ரூபாய் மிச்சம் என்று தோன்றும். நூறு கிராமுக்கு வகுத்தால் முதலாவது 17 ரூபாய் 3 காசு, இரண்டாவது 17 ரூபாய் 41 காசு. இரண்டாவதற்கு ஐந்து ரூபாய்க் கூப்பன் இருந்தால் 16 ரூபாய் 82 காசுக்கு இறங்கிவிடும். அப்போது அதை எடுப்பதுதான் லாபம். கூப்பன் நல்லதா கெட்டதா என்று பொதுவாகக் கேட்பவர்களுக்கு நான் இந்தக் கணக்கைத்தான் போட்டுக் காட்டுவேன்.

அடுத்தது குறைந்தபட்ச ஆர்டர். செலவு ஏறுவதில் பெரும்பங்கு இதற்குத்தான். லிஸ்ட்படி வாங்க வேண்டியது 1,180 ரூபாய். 1,499க்கு மேல் வாங்கினால் 150 தள்ளுபடி என்று திரையில் வருகிறது. 325 ரூபாய்க்கு சிப்ஸ், சாக்லேட், ஜூஸ் சேர்க்கிறோம். 1,505இல் 150 போக 1,355 கட்டுகிறோம். 150 மிச்சம் என்று மனதுக்குத் தோன்றும். கூப்பனைத் தொடாமல் இருந்தால் 175 ரூபாய் கையில் நின்றிருக்கும். அந்த 325 ரூபாய்க்கு அடுத்த மாத லிஸ்டில் இருக்கும் எண்ணெயையும் பற்பசையையும் எடுத்திருந்தால் கதை வேறு. 150 ரூபாய் உண்மையான மிச்சம். அதனால் லிஸ்டின் அடியில், முன்கூட்டி வாங்கினாலும் கெடாத பொருட்கள் என்று ஐந்தாறு பெயரைத் தனியாக எழுதி வைக்கச் சொல்கிறேன். தொகை குறைந்தால் அதிலிருந்து மட்டும் சேர்க்க வேண்டும்.

கெடாதது என்பதில் கவனம் தேவை. ரவை, மைதா, கடலைமாவு நம் ஊர் ஈரக்காற்றில் வண்டு பிடிக்கும். எண்ணெய் நாளானால் சிக்கு வாடை அடிக்கும். ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்று அடுக்கியிருக்கும் பொருளில் முதலில் தேதியைப் பாருங்கள். ஆன்லைனில் வரும் உணவுப் பொருளுக்கு டெலிவரி நாளில் ஆயுளில் 30 சதவீதமோ 45 நாளோ மிச்சம் இருக்க வேண்டும் என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. 2024 நவம்பரில் நிறுவனங்களுக்குச் சொல்லியிருக்கிறது. தேதி நெருங்கிய பொருள் வந்தால் வாங்கிக்கொண்டு சும்மா இருக்க வேண்டாம்.

யூடியூபில் அமெரிக்கக் கூப்பன் வீடியோக்களைப் பார்த்துவிட்டு, வண்டி நிறையச் சாமானை ஒன்றிரண்டு டாலருக்கு வாங்குகிறார்களே, நமக்கும் முடியுமா என்று கேட்பவர்கள் உண்டு. அங்கே உற்பத்தியாளர் தரும் கூப்பன் ஒன்று, கடை தரும் கூப்பன் ஒன்று என்று இரண்டையும் ஒரே பொருளுக்குப் பல கடைகளில் சேர்த்துப் போடலாம். ஞாயிறு நாளிதழோடு கூப்பன் தாள்கள் வரும் வழக்கம் நெடுங்காலமாக இருந்தது. நம் ஊரில் உற்பத்தியாளர் தரும் சலுகை பெரும்பாலும் பாக்கெட்டிலேயே கூடுதல் எடையாகவோ குறைத்த விலையாகவோ அச்சாகி வந்துவிடுகிறது. ஆப்பில் ஒரு ஆர்டருக்கு பெரும்பாலும் ஒரு கூப்பன்தான். அதற்கு மேல் சேர்க்க முடிந்தது வங்கி கார்டு சலுகை மட்டுமே. ஏற்கெனவே விலை குறைந்த பொருள், அதன் மேல் ஆப் கூப்பன், அதன் மேல் கார்டு தள்ளுபடி என்று மூன்றும் கூடும் நாள் மாதத்தில் ஒன்றிரண்டு வரும். எண்ணெய், சலவைத்தூள், டயப்பரை அன்றைக்கு வாங்குங்கள். ஆனால் கிரெடிட் கார்டு பாக்கியை முழுதாகக் கட்டாதவர்கள் கார்டு சலுகையைத் தொடவே வேண்டாம். மாதம் மூன்றரை சதவீதம் அளவுக்கு வட்டி ஓடும்போது பத்து சதவீதத் தள்ளுபடி மூன்று மாதத்தில் கரைந்துவிடும்.

கேஷ்பேக்கை நான் தள்ளுபடியாக எண்ணுவதில்லை. அடுத்த ஆர்டருக்கு மட்டும், இத்தனை நாளுக்குள் என்று நிபந்தனை போட்டு வருவது செலவழிக்க வைக்கும் அழைப்பு. பில் தொகையை மட்டும் நோட்டில் எழுதுங்கள்.

கூப்பன் போட்டு முடித்த பிறகு கடைசித் திரையை நிதானமாகப் படியுங்கள். கையாளும் கட்டணம், சிறிய ஆர்டர் கட்டணம், மழைக் கட்டணம், நாம் சேர்க்காத நன்கொடை என்று அங்கேதான் ஏறும். விலையைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே விடுவது, கேட்காத பொருளைக் கூடையில் சேர்ப்பது, இன்னும் இரண்டு நிமிடம்தான் என்று பொய்யாக அவசரப்படுத்துவது எல்லாம் ஒன்றிய அரசு 2023 நவம்பர் 30இல் வெளியிட்ட வழிகாட்டு விதிகளில் தடுக்கப்பட்டவை. இப்படிப் பதின்மூன்று வகைத் தந்திரங்களை அந்த விதிகள் பெயர் சொல்லிப் பட்டியலிடுகின்றன. கடையில் பில் போடும்போது மொபைல் எண் கொடுத்தால்தான் ஆச்சு என்று வற்புறுத்தவும் கூடாது.

தமிழ்நாட்டில் இருப்பவர்கள் கூப்பனைத் தேடும் முன் ரேஷன் அட்டையை எடுங்கள். அரிசி அட்டைக்குத் துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய். வெளியே பருப்பு நூறு ரூபாய்க்கு மேல் விற்கும்போது, எந்த ஆப்பும் இந்த அளவுக்கு இறங்காது. கௌரவம் பார்த்து வாங்காமல் விடும் நடுத்தரக் குடும்பங்களைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. காய்கறிக்கும் கூப்பன் வேண்டாம். 1999இல் மதுரையில் தொடங்கிய உழவர் சந்தை இன்று பல ஊர்களில் இருக்கிறது. காலையில் விலைப் பலகையைப் பார்த்து விவசாயியிடமே வாங்கலாம்.

ஒரு எச்சரிக்கை. பெரிய கடையின் ஆண்டு விழா, ஆயிரம் ரூபாய் மளிகைக் கூப்பன், பத்துப் பேருக்கு அனுப்பினால் கிடைக்கும் என்று வாட்ஸ்அப்பில் வரும் லிங்கைத் தொடாதீர்கள். பணம் நமக்கு வருவதற்கு யு.பி.ஐ. பின் எண் ஒருபோதும் தேவையில்லை. பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930க்கு அழையுங்கள். கூப்பனை ஏற்றுக்கொண்டு பில்லில் கழிக்காமல் விட்டால், எம்.ஆர்.பி.க்கு மேல் வாங்கினால், அது தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கான விஷயம். அதற்கு ஆதாரம் வேண்டும். எனவே பணம் கட்டும் முன் கூப்பன் நிபந்தனையையும், கட்டிய பின் பில்லையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து, பொருள் வந்து சரிபார்க்கும் வரை அழிக்காமல் வைத்திருங்கள்.